கைப்பாவை ஊட்டிய பாறுகள்

1987ஆம் ஆண்டில் உலகில் எஞ்சியிருந்த கலிபோர்னியப் பாறுகள் 27 மட்டுமே. காட்டில் திரிந்த கடைசிப் பறவையும் அவ்வாண்டே பிடிக்கப்பட்டது. சான் டியாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ் உயிரியல் பூங்காக்களே அவற்றின் அடைக்கலமாயின. கூண்டில் அடைப்பதா பாதுகாப்பு என வினவியோரும் உளர்.

இப்பறவை ஓர் ஈட்டுக்கு ஒரே முட்டைதான் இடும். அதனை எடுத்துவிட்டால் பெரும்பாலும் மற்றொன்று இடும். இவ்வியல்பை அறிந்த பணியாளர்கள், முதல் முட்டையை அடைகாப்புக் கருவியில் வைத்துப் பொரிக்கச் செய்தனர். குஞ்சு மனிதரைத் தாயெனக் கருதிவிடலாகாது அன்றோ? ஆகவே, பாறின் தலையைப் போன்ற கைப்பாவையை அணிந்து, மறைவில் இருந்தே இரையூட்டினர்.

1992 முதல் இப்பறவைகள் மீண்டும் இயற்கை வாழிடத்தில் விடப்பட்டு வருகின்றன. ஆயினும், சுடப்பட்ட விலங்குகளின் உடலில் தங்கிய ஈயக்குண்டுத் துகள்களை இரையோடு விழுங்கிப் பல இன்றும் மடிகின்றன. அதனால் அவற்றை அவ்வப்போது பிடித்து, குருதியில் ஈயத்தின் அளவைச் சோதிக்கின்றனர். நஞ்சேறியவற்றுக்கு மருத்துவம் செய்த பின்னரே பறக்கவிடுகின்றனர்.