தகிக்கும் கம்பியும் மஞ்சள் விளக்கும்

பெக்கான் நானாஸிலிருந்து ஓர் இளைஞர் எழுதிய கடிதம் ஒரு வாரமாக என் மேசைமீது இருக்கிறது. விடியுமுன் எழுந்து, இரண்டாவது பாலத்தைக் கடந்து, துவாஸ் வட்டாரத்தில் வேலை பார்த்துவிட்டு இருட்டிய பின் வீடு திரும்புகிற அவர், தாம் சேமித்த பணத்தைக் கொண்டு தம் காடியின் காற்று வடிகட்டிப் பெட்டியைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் பளபளக்கும் அலுமினியக் குழாயும் எண்ணெய் பூசிய கூம்பு வடிகட்டியும் கொண்ட, நம் பிள்ளைகள் ‘ஓப்பன் போட்’ என்று சொல்லும் அமைப்பைப் பூட்டியிருக்கிறார். எஞ்சினின் குரல் கம்பீரமாயிற்று. அவர் மனமும் நிறைந்தது. மூன்றாம் நாள் காலை, மீட்டர்ப் பலகையில் எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரிந்தது. பட்டறையில் போமன் பேட்டரிக் கம்பியைச் சிறிது நேரம் கழற்றிவைத்து விளக்கை அணைத்துக் கொடுத்தார். இரண்டே நாளில் அது மறுபடியும் எரிந்தது. “ஐயா, இந்த விளக்கை நிரந்தரமாக அணைக்க என்ன வழி?” என்று முடிகிறது கடிதம்.

தம்பியின் கேள்வியில் ஒரு சிறு திருத்தம் செய்ய அனுமதி வேண்டுகிறேன். அணைக்கும் வழியைக் கேட்பதற்கு முன்னால், அது எதைக் கண்டு எரிந்தது என்று கேட்போம். எஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து எரிவதும் அந்த எரிதல் சக்கரத்தைச் சுழற்றுவதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த விஷயமாதலால் அதனை விட்டுவிட்டு, பலர் நினைத்துப் பாராத ஓர் அளவை மட்டும் சொல்லித் தொடங்குகிறேன். ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமின்றி எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். கன அளவில் பார்த்தால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9000 லிட்டர் காற்று! காற்று கூடினாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம். ஆகவே, உள்ளே வரும் காற்றைக் கணத்துக்குக் கணம் எடைபோட்டு, அந்த எடைக்கு ஏற்ப பெட்ரோலைத் தெளிப்பதே எஞ்சின் கணினியின் நித்திய கர்மமாக இருக்கிறது.

என் தந்தை பால்மரம் வெட்டிய தோட்டத்தில், பால் நிறுக்கும் கொட்டகை வாசலில் கிராணி ஒருவர் தராசோடு நிற்பார். எந்த வாளியும் அவர் கண்ணில் படாமல் உள்ளே போகக்கூடாது. அவர் புத்தகத்தில் எழுதிய எடையை நம்பித்தான் ஆலையில் பாலை உறைய வைக்கும் திராவகத்தை அளந்து ஊற்றுவார்கள். வேலியில் ஓர் ஓட்டை விழுந்து, அதன் வழியாக நாலு வாளிப் பால் கணக்கில் ஏறாமல் உள்ளே போயிற்றென்றால், கிராணி எவ்வளவு யோக்கியராக இருந்தாலும், திராவகம் போதாமல் அன்றைய பால் சரியாக உறையாது. காற்று வரும் வழியில் வடிகட்டிக்கு அடுத்து அமர்ந்திருக்கும் காற்றளவு சென்சரே எஞ்சினின் கிராணி. இந்த உவமையைத் தம்பி மனத்தில் வைத்துக்கொண்டால், அவருடைய வியாதியில் பாதி விளங்கிவிடும்.

இனி, என்னைப் பல ஆண்டுகளாக மயக்கி வைத்திருக்கும் விசேஷத்துக்கு வருகிறேன். தராசுத் தட்டில் வைக்க முடியாத காற்றை இந்தக் கிராணி எப்படி நிறுக்கிறார்? என் அக்காள் பிள்ளை பெற்றிருந்த சமயம், வடகிழக்குப் பருவக்காற்று வீசிய மார்கழி மாதத்தில், அம்மா வீட்டின் பின்புறத் தாழ்வாரத்தில் வெந்நீர் அண்டாவை ஒரே பக்குவத்தில் காத்து வந்தார்கள். காற்று அடங்கிய பொழுதில் இரண்டு விறகு போதும். காற்று விசிறி அடித்த பொழுதில் நாலு விறகு, ஐந்து விறகு என்று தள்ளவேண்டியிருக்கும். வீட்டுக்குள் இருந்தபடியே, அம்மா எத்தனை விறகு எடுத்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, வெளியே எட்டிப் பாராமலே காற்றின் வலிமை தெரிந்தது. காற்றளவு சென்சரின் தத்துவம் முழுவதும் இவ்வளவே. காற்றின் பாதையில் ஒரு மெல்லிய பிளாட்டினக் கம்பி நிற்கிறது. மின்சாரம் அதனை, வரும் காற்றைவிட ஒரு குறிப்பிட்ட அளவு அதிக உஷ்ணத்தில் எப்போதும் வைத்திருக்கிறது. காற்று அதன் சூட்டைப் பறிக்கப் பறிக்க, மின்சாரம் ஈடுகட்டுகிறது. அப்படி ஈடுகட்டச் செலவான மின்சாரமே காற்றின் எடையைச் சொல்லிவிடுகிறது. குளிர்ந்து அடர்ந்த காற்று அதிகச் சூட்டைப் பறிக்கும், சூடேறி நெகிழ்ந்த காற்று குறைவாகப் பறிக்கும் ஆகையால், கம்பி உணர்வது வெறும் கன அளவையன்று, எடையையே.

கனடாவின் மாண்ட்ரியால் நகரில், மக்கில் சர்வகலாசாலையைச் சேர்ந்த லூயி வெசோ கிங் என்பவர், காற்றோட்டத்தில் நிற்கும் சூடான கம்பி இழக்கும் வெப்பம் அக்காற்றின் வேகத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிக் கூடுகிறது என்று 1914இல் கணக்கிட்டுக் காட்டினார். அந்த விதி பல்லாண்டுக் காலம் ஆராய்ச்சிக் கூடங்களில் மட்டும் பயன்பட்டு, 1980களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தார் வழியாக மோட்டார் வண்டிக்குள் புகுந்தது. அவர்கள் வைத்த கம்பியின் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஏழு பங்கு. நம் தலைமயிர் ஒன்றின் பருமன்தான். இத்தனை மெல்லிய கம்பிமேல் சிறிது தூசி படிந்தாலும் அதன் சாட்சியம் பொய்யாகிவிடும் என்று உணர்ந்த அவர்கள் செய்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. பிரயாணம் முடிந்து எஞ்சினை அணைத்த பின், யாரும் காணாத அந்த இருண்ட குழாய்க்குள், கம்பி ஒரே ஒரு விநாடி ஏறத்தாழ 1000 டிகிரி உஷ்ணத்துக்குச் செக்கச்சிவந்து தகித்து, அன்று தன்மேல் படிந்த அழுக்கையெல்லாம் எரித்துவிட்டு அடங்கும். மறுநாள் அது சொல்லப்போகும் சாட்சியத்துக்காக ஒவ்வொரு நாளும் செய்துகொள்ளும் அக்கினி ஸ்நானம்!

பின்னாளில் கம்பிக்குப் பதிலாக மெல்லிய படலங்களும், தூசி எளிதில் ஒட்டாத உட்பாதைகளும் வந்தபோது, பல வண்டிகளில் இந்தச் சுயசுத்தி அவசியமில்லையென்று கைவிடப்பட்டது. அப்படிக் கைவிட்டவர்கள் ஒரு நம்பிக்கையின்மேல்தான் கைவிட்டார்கள்: முன்னால் நிற்கும் காகித வடிகட்டியும், அது அமர்ந்திருக்கும் பெட்டியும் தம் கடமையைச் செய்யும் என்ற நம்பிக்கை. தம்பி கழற்றி வைத்தது அந்தப் பெட்டியைத்தான்.

கிராணி தவறினால் தெரிவது எப்படி? தோட்டத்துக்குக் கணக்குப் பரிசோதகர் வருவதுபோல, புகைபோக்கிக் குழாயில் மற்றொரு சாட்சி நிற்கிறது. 1976இல் வால்வோ வண்டிகளில் முதன்முதலாக வந்த ஆக்சிஜன் சென்சர் அது. எரிந்து வெளியேறும் புகையில் பிராணவாயு மிச்சமிருக்கிறதா என்று அது முகர்ந்து பார்த்து, மிச்சமிருந்தால், காற்று கூடிவிட்டது, பெட்ரோலை ஏற்று என்று கணினிக்குச் சொல்கிறது. கணினியும் நூற்றுக்கு மூன்று, ஐந்து என்று கூட்டிக் குறைத்துத் தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. திருத்தம் நூற்றுக்குப் பத்துக்குள் அடங்கியிருந்தால் பொதுவாகக் கவலையில்லை. பல வண்டிகளில் அது இருபத்தைந்தை நெருங்கும்போதுதான் கணினி விளக்கை ஏற்றுகிறது. பெரும்பாலான குற்றங்களை அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் கண்ட பின்னரே அது வாய் திறக்கும் என்பதால், குழாயை மாற்றிய அன்றைக்கே விளக்கு எரியாமல் மூன்றாம் நாள் எரிந்ததில் வியப்பில்லை. பேட்டரிக் கம்பியைக் கழற்றினால் விளக்கு அணைவதோடு, குற்றத்தின் குறிப்பும், கணினி அதுவரை கற்ற திருத்தங்களும் சேர்ந்து அழிந்துபோகின்றன. வியாதியோ அப்படியே இருக்கிறது.

ஆகவே முதற்காரியம், எதையும் அழிக்குமுன் குறிப்பைப் படிப்பது. அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டுப் பிற்பாடு உலகெங்கும் பரவிய ஏற்பாட்டின்படி, ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு துளைகள் கொண்ட ஒரு செருகுவாய் இருக்கும். ஸ்கேனரை அதில் செருகினால் குறிப்பு வெளிவரும். பி 0171 என்றால் கலவையில் காற்று மிகுதி. பி 0172 என்றால் பெட்ரோல் மிகுதி. பி 0102 என்றால் காற்றளவு சென்சரின் குறிகை மிகத் தாழ்ந்துவிட்டது. பி 0113 என்றால் உள்வரும் காற்றின் உஷ்ணத்தைக் காட்டும் சென்சரின் குறிகை எல்லை மீறி உயர்ந்துவிட்டது. குழாயை மாற்றிய பின் கடைசி இரண்டில் ஒன்று வந்தால், பெரும்பாலும் இணைப்பான் சரியாகச் செருகப்படவில்லை என்பதே பொருள். எரிகிற விளக்கு விட்டுவிட்டு மின்னத் தொடங்கினால் மட்டும் ஆராய்ச்சி வேண்டாம். பெட்ரோல் எரியாமல் வெளியேறிப் புகைக்குழாயின் வினையூக்கியைப் பாழாக்குகிறது என்பது அதன் எச்சரிக்கையாகையால், வண்டியை ஓரங்கட்டி நிறுத்துவதே விவேகம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, இருபுறமும் அன்னாசிக் கொல்லைகள் விரிந்த கரிமண் நிலத்தினூடே பெக்கான் நானாஸுக்குச் சென்று, தம்பியின் வண்டியை நேரிலேயே பார்த்தேன். குறிப்பு, நான் எதிர்பார்த்த பி 0171. எஞ்சின் சும்மா நின்று ஓடுகையில் திருத்தம் நூற்றுக்கு 24. நிமிடத்துக்கு 2500 சுற்றுகளுக்கு உயர்த்தியபோது அது 11. இந்த வேறுபாடே வழிகாட்டி. நின்று ஓடும்போது மிகுந்தும், வேகம் ஏற ஏறக் குறைந்தும் வரும் திருத்தம், கிராணியின் கண்ணுக்குத் தப்பிய வேலி ஓட்டையைக் காட்டுகிறது. ஏனெனில், ஓட்டையின் வழியே வரும் காற்று, எஞ்சின் குறைவாக மூச்சு வாங்கும்போது பெரும் பங்காகவும், நிறைய வாங்கும்போது சிறு பங்காகவும் ஆகிவிடுகிறது. அதற்கு மாறாக, பாரம் ஏற ஏறத் திருத்தமும் ஏறுமானால், கிராணியின் தராசையே சந்தேகிக்க வேண்டும்.

ஓட்டை எங்கேயென்று தேடியபோது, கவ்விகள் இறுக்கமாகவே இருந்தன. பழைய குழாயோடு இணைந்திருந்ததும், எஞ்சின் தலைமூடியிலிருந்து வருவதுமான மூச்சுக்குழலுக்குப் புதிய குழாயில் இடமில்லாமையால், அதனைத் துண்டித்து மூடியின் வாயில் அழகான ஒரு குட்டி வடிகட்டியைப் பொருத்தியிருந்தார்கள். அதன் வழியாக நுழைந்த காற்று, கிராணியைச் சந்திக்காமலே எஞ்சினின் வயிற்றுக்குள் சென்று பெட்ரோலோடு கலந்துகொண்டிருந்தது. சென்சருக்கும் திராட்டிலுக்கும் இடைப்பட்ட குழாயில் ஒரு துளை அமைத்து அந்த மூச்சுக்குழலை மீண்டும் இணைத்ததும், நின்று ஓடுகையில் திருத்தம் 10க்கு இறங்கியது. இவ்விதக் கசிவைத் தேட, சூடான எஞ்சின்மேல் எரியக்கூடிய திரவத்தைப் பீச்சிப் பார்ப்பவர்கள் உண்டு. தீப்பிடிக்கும் அபாயம் இருப்பதால், பட்டறைகளில் உள்ள புகைச் சோதனையே உத்தமம்.

மிச்சமிருந்த பத்துக்கு இரண்டு காரணங்கள். வடிகட்டியில் தாராளமாகப் பூசிய எண்ணெய், சென்சர்மேல் மெல்லிய ஆடையாகப் படிந்திருந்தது. ஆடை போர்த்திய கம்பி சூட்டைக் குறைவாக இழக்குமாதலால், வந்த காற்றைவிடக் குறைவான எடையைச் சொல்லும். எஞ்சின் ஆறிய பிறகு, காற்றளவு சென்சருக்கென்றே விற்கும் துப்புரவுத் திரவத்தை மட்டும் தெளித்து, துணியோ தூரிகையோ படாமல் தானாக உலரவிட்டோம். இரண்டாவது காரணம், புதுக் குழாயின் அகலம். அறுபது மில்லிமீட்டர் விட்டத்துக்கென்று கணக்கிட்ட சென்சரை எழுபது மில்லிமீட்டர்க் குழாயில் நட்டால், வழியின் பரப்பு 36 சதவிகிதம் பெருகி, அதே காற்று நாலில் ஒரு பங்குக்கும் மேலாக வேகம் குறைந்து கம்பியைக் கடந்து செல்லும். தம்பியின் குழாயில் வேறுபாடு அத்தனை பெரிதில்லை. ஆயினும் துப்புரவுக்குப் பின்னும் எட்டு நின்றது. காற்றளவு சென்சர் இல்லாமல் குழாயின் அழுத்தத்தை அளந்தே கணக்கிடும் வண்டிகளும் நம் சாலைகளில் ஏராளம்; அவற்றுக்கு இந்த அகல வித்தியாசம் இவ்வளவு வினை செய்வதில்லை.

இத்தனை சிரமத்துக்கு ஈடாகப் பெற்றது என்ன என்பதையும் எண்ணிப்பார்க்கவேண்டும். ஆலையில் அமைத்த பெட்டி, முன்புறத்துக் குளிர்ந்த காற்றை இழுக்கிறது. திறந்த கூம்போ, வெந்துகொண்டிருக்கும் எஞ்சின் அறையின் காற்றையே இழுக்கிறது. முப்பது டிகிரிக் காற்று அறுபது டிகிரியாகும்போது நூற்றுக்கு ஒன்பது பங்கு அடர்த்தியை இழக்கிறது. சூட்டைத் தவிர்க்கவென்று கூம்பை பம்பருக்குப் பின்னே தாழ இறக்குவோர், 2006 டிசம்பரிலும் அடுத்த மாதத்திலும் ஜொகூரை மூழ்கடித்த வெள்ளத்தை ஞாபகத்தில் வைக்கவேண்டும். நீர் அமுங்காத பொருளாதலால், ஒரு மிடறு உள்ளே போனாலும் எஞ்சினின் இணைப்புத்தண்டு வளைந்துவிடும். ஆசையோடு வண்டியை அலங்கரிக்கும் பிள்ளைகளை நான் குறைகூறவில்லை. யந்திரத்தின்மேல் பிரியம் வைப்பது நல்ல குணம். அந்தப் பிரியம் பூட்டுவதோடு நின்று, பூட்டியதால் என்ன மாறியது என்று அளந்து பார்க்கும்வரை வளராமற்போவதுதான் எனக்கு வருத்தம். உண்மை சொன்ன வேலைக்காரனின் வாயைப் பொத்தி வீட்டை நடத்துகிறவர் எவ்வளவு நாள் நிம்மதியாக இருப்பார்? மஞ்சள் விளக்கின்மேல் கறுப்பு நாடா ஒட்டிய வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த எண்ணமே எனக்கு வருகிறது.

நான் விடைபெறும் நேரத்தில், தம்பி வீட்டின் பின்புறம் சென்று, பிளாஸ்டிக் பையில் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்த பழைய பெட்டியைக் கொண்டுவந்தார். அதனைத் தூக்கி எறியாமல் வைத்திருந்த அவருடைய புத்தியை மனமாரப் பாராட்டினேன். புதிய காகித வடிகட்டியோடு அதனைப் பூட்டி நாலைந்து நாள் ஓட்டிய பின், திருத்தம் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்கிறதென்று நேற்று எழுதியிருக்கிறார். புகைமூட்டம் வரும் மாதங்களில் வடிகட்டியை எத்தனை நாளுக்கு ஒருமுறை திறந்து பார்க்கலாம் என்றும் கேட்டிருக்கிறார். விளக்கை அணைக்கக் கேட்டவர் இப்போது வடிகட்டியைப் பற்றிக் கேட்கிறார். மாதம் ஒருமுறை, எஞ்சின் ஆறியிருக்கும் காலை வேளையில், பெட்டியைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், தம்பி. தினமும் தகித்துத் தன்னைத்தானே சுத்திசெய்துகொண்ட அந்தப் பழைய கம்பியின் வேலை இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது.