விலையில்லாச் சீட்டும் கணக்குள்ள பயணமும்

விலையின்றிக் கிடைக்கும் பொருள் எதுவும் செலவின்றி உண்டாவதில்லை. இவ்வுண்மையைக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சங்கம் தள்ளுபடி விலையில் துணி விற்றாலும், தவணை தவறாதவருக்கு வட்டியில்லாப் பயிர்க்கடன் கொடுத்தாலும், அத்தொகை ஏதேனும் ஒரு கணக்கில் பற்று எழுதப்பட்டே தீரும். பெண்கள் கட்டணமின்றி நகரப் பஸ்ஸில் செல்லும் ஏற்பாட்டையும் இந்தக் கண்கொண்டே நோக்குதல் வேண்டும். அவ்வாறு நோக்கின், அது ஓசியுமன்று, தருமமுமன்று. நாட்டார் யாவரும் சேர்ந்து முன்னதாகவே கட்டணம் செலுத்திவிட்ட பயணம் என்பது விளங்கும்.

ஏற்பாடு வந்த வழி

காவிரிப் பாசன நாட்டில் பஸ் போக்குவரத்து ஒரு காலத்தில் தனியார் வசமிருந்தது. கும்பகோணத்து ராமன் அண்ட் ராமன் கம்பெனியின் பெயரை மூத்த அங்கத்தினர் பலர் இன்னும் மறந்திரார். 1972ஆம் ஆண்டில் சோழன் போக்குவரத்துக் கழகம் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அரசு நிறுவனமாகத் தொடங்கப்பெற்றது. அதுவே பின்னர் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணக் கோட்டமாயிற்று. பஸ் பொதுச் சொத்தானமையால்தான், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், அதன் கட்டணத்தை யார் ஏற்பது என்பதையும் பொதுவில் தீர்மானிக்க இயன்றது.

2021 மே 7 அன்று முதலமைச்சராகப் பொறுப்பேற்ற திரு. மு. க. ஸ்டாலின் அன்றே கையொப்பமிட்ட ஆணைகளுள் இதுவும் ஒன்று. மறுநாள் முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிச் செல்லலாயினர். மாற்றுத்திறனாளிகளுக்கும் திருநங்கையருக்கும் இச்சலுகை அவ்வாண்டிலேயே விரிவாக்கப்பட்டது. 'மகளிர் விடியல் பயணம்' என்ற பெயர் பின்னர் வந்தது. இதே நோக்குடைய திட்டத்தைத் தில்லி 2019ஆம் ஆண்டிலும், கர்நாடகம் 2023ஆம் ஆண்டிலும் தொடங்கின.

கல்லூரி ஊரில் கண்ட பயன்

கும்பகோணம் கோயில் நகர் மட்டுமன்று, கல்லூரி நகருமாகும். 1854இல் பள்ளியாகத் தோன்றிப் பின்னர் கல்லூரியாக வளர்ந்த அரசினர் கலைக் கல்லூரி காவிரிக் கரையில் உள்ளது. கணித மேதை ராமானுஜன் பயின்ற இடம் அது. மகளிருக்கென அரசு கலைக் கல்லூரியும் அவ்வூரில் உண்டு. தஞ்சையிலோ சரபோஜி கல்லூரி, குந்தவை நாச்சியார் மகளிர் கல்லூரி, மருத்துவக் கல்லூரி, தமிழ்ப் பல்கலைக்கழகம் எனக் கல்வி நிலையங்கள் பல.

அரசுக் கல்லூரி மாணவ மாணவியருக்கு இலவசப் பயண அட்டை முன்னரே உண்டு. ஆதலின், மாணவிக்கு இத்திட்டம் புதிதாக என்ன கொடுத்தது என்று சிலர் வினவுகின்றனர். தனியார் கல்லூரியில் பயிலும் பெண்ணுக்கு அவ்விலவச அட்டை இல்லை என்பதை முதலில் நினைவிற் கொள்ளல் வேண்டும். மேலும், அட்டை கல்லூரிக்குப் போகவும் மீளவும் மட்டுமே பயன்படுவது. தட்டச்சு பயிலவும், நூலகம் செல்லவும், வேலைக்கு மனுச் செய்யவும் அது உதவாது. எல்லாவற்றினும் மேலாக, மகளுக்கு மட்டுமன்றித் தாய்க்கும் வழி திறந்துள்ளது.

கும்பகோணத்தை அடுத்த திருபுவனத்தை எடுத்துக்கொள்வோம். 1955இல் தோன்றிய பட்டுக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் இயங்கும் ஊர் அது. அவ்வூர்ப் பட்டுச் சேலை 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. தறி வீட்டில் ஆடவர் பெயரில் கூலி பதிவானாலும், நூல் இழைப்பதும் தார் சுற்றுவதும் பெரும்பாலும் பெண்டிர் கையால் நடப்பவை. அவர்தம் உழைப்புக்குத் தனியே பணம் கைக்கு வருவது அரிது. கையிற் காசின்றி வெளியே செல்ல இயலாத அப்பெண், மருத்துவமனைக்கோ, வங்கிக்கோ, மகளின் கல்லூரிக்கோ செல்லக் கணவனிடம் சில்லறை கேட்டு நிற்க வேண்டிய நிலை இருந்தது. அந்நிலை நீங்கியதே இத்திட்டத்தின் முதற்பயன் என்பது நம் கருத்து.

வயல் வேலைக்குச் செல்வோரையும் கருதுக. குறுவை, சம்பா நடவுக் காலங்களில் உள்ளூரில் வேலை முடிந்தால் அடுத்த ஊருக்குச் செல்ல வேண்டும். போக வர இருபது ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இருபத்தைந்து நாளில் ஐந்நூறு ரூபாய் கூலியிலிருந்து கழிந்துவிடும். மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வில், பயன்பெறும் பெண் ஒருவர் மாதம் சராசரி 888 ரூபாய் மிச்சப்படுத்துவதாகக் கண்டறியப்பட்டது.

பணம் கொடுப்பவர் யார்?

திட்டம் தொடங்கியபோது ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் மானியம் என மதிப்பிடப்பட்டது. 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் 3,600 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இத்தொகை வரிப்பணம். சோப்பு வாங்கினும், சைக்கிள் டயர் வாங்கினும் அப்பெண்ணும் வரி செலுத்துகிறாள். ஆதலின் அவள் பஸ்ஸில் ஏறுவதை ஏளனம் செய்ய எவருக்கும் உரிமை இல்லை.

அயல்நாட்டு அனுபவம் இரண்டு இங்குக் கவனிக்கற்பாலன. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் சேப்பல் ஹில் என்பதொரு பல்கலைக்கழக ஊர். 2002 முதல் அங்கு ஊர்ப் பஸ்களில் ஆண் பெண் எவருக்கும் கட்டணமில்லை. செலவைப் பல்கலைக்கழகமும், அந்நகராட்சியும், அண்டை நகரான கார்பரோவும் பங்கிட்டு ஏற்கின்றன; பயன் பெறுவோர் பங்கு போடும் கூட்டுறவு முறையே அது. பெல்ஜியத்தில் ஹாசெல்ட் நகரம் 1997இல் கட்டணத்தை நீக்கியது. பயணிகள் தொகை பல மடங்காயிற்று, செலவும் வளர்ந்தது. 2013இல் அவ்வேற்பாடு கைவிடப்பட்டது. பங்குதாரர் நிலையாக நின்ற இடத்தில் திட்டம் நிலைத்தது. செலவுச் சுமை தாங்க முடியாத இடத்தில் அது நின்றது.

குறைகளும் நம் கடமையும்

சலுகை பொதுவாகச் சாதாரண நகரப் பஸ்ஸுக்கே உரியது. புறநகர்ப் பஸ்ஸுக்கும், தனியார் பஸ்ஸுக்கும் பொதுவாக இல்லை. நாளைக்கு இரு நடையே பஸ் வரும் ஆற்றங்கரைக் கிராமத்துப் பெண்ணுக்குக் கட்டணமில்லை என்பதால் மட்டும் பயனில்லை. பஸ் வருதல் வேண்டும். பெண்கள் மட்டும் காத்திருக்கும் நிறுத்தத்தில் பஸ் நில்லாது செல்கிறது என்ற முறையீடும் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் எழுந்ததுண்டு. முதல் வகுப்புக்கு நேரந்தவறும் மாணவிக்கும், கூலி நேரந்தவறும் நடவுப் பெண்ணுக்கும் அது ஒரு நாள் நட்டமாகும்.

இவ்விடத்தில் சங்கங்கள் செய்யக்கூடியவை மூன்று.

முதலாவது, கண்டக்டர் கொடுக்கும் கட்டணமில்லாச் சீட்டைப் பெண்கள் தவறாது கேட்டுப் பெறுதல். சங்கத் தணிக்கையில் ரசீது இல்லாத செலவை நாம் ஒப்புக்கொள்வதில்லை அன்றோ? அச்சீட்டும் ஒரு ரசீதே. எத்தனை பெண்கள் பயணம் செய்தனர் என்பதற்கு அதுவே சான்று; அரசு கழகத்துக்கு ஈடு செய்வதற்கும் அக்கணக்கே ஆதாரம். சீட்டு வாங்காத பயணம் ஏட்டில் ஏறாத பயணம். ஏட்டில் கூட்டமில்லாத தடத்தில் நடையைக் கூட்டுமாறு கேட்பதற்கு நமக்கு வாய் இராது.

இரண்டாவது, குறையை எழுத்தில் தருதல். பஸ் நில்லாது சென்றால் வண்டி எண், தட எண், நாள், நேரம், நிறுத்தம் ஆகிய ஐந்தையும் குறித்து, நிர்வாகக் குழுத் தீர்மானத்தோடு கிளை மேலாளருக்கு அனுப்புக. தனி ஒருவர் வாய்ச்சொல்லினும் இருநூறு அங்கத்தினர் கொண்ட சங்கத்தின் தீர்மானத்துக்கு மதிப்பு அதிகம். கல்லூரி தொடங்கும் நேரமும், நடவுக் காலத்து விடியற்காலை நேரமும் அதில் குறிக்கப்படுதல் நலம்.

மூன்றாவது, மிச்சமாகும் தொகையில் ஒரு பகுதியைப் பெண்கள் தம் பெயரிலேயே சங்கத்தில் சேமிப்பாக வைத்தல். கணவன் பெயரில் வைப்பதற்கும் தன் பெயரில் வைப்பதற்கும் உள்ள வேற்றுமையை அவர்களே நன்கறிவர்.

ஆடவர் சிலர், தமக்கு மட்டும் ஏன் இச்சலுகை இல்லை என்கின்றனர். நியாயமான வினாவே. பொதுப் பணம் இடம் கொடுக்கும் காலத்தில் அதையும் கேட்கலாம். அதுகாறும், தம் வீட்டுப் பெண்டிரின் கட்டணம் மிச்சமாவது தம் குடும்பத்துக்கே என்பதை அவர்கள் நினைவிற் கொள்வாராக. வரும் மகாசபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் 'ஊர்ப் பஸ் வசதி' என்றொரு பொருளைச் சேர்க்குமாறு சங்கத் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அதைப் பற்றிப் பேசப் பெண் அங்கத்தினர்களையே முதலில் அழைத்தல் பொருத்தமாகும்.