சூளைக்கு முன்னே போக வேண்டிய சேதி

கார்த்திகைக்கு நம் வாசலில் எரியும் பீங்கான் அகல் விருத்தாசலத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். அங்குள்ள செராமிக் தொழிற்பேட்டையில் அகல் விளக்கு, பொம்மை, மின்சார ஃபியூஸ் கட்டை எல்லாம் உருவாகின்றன. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்துகிடக்கும் வெள்ளைக் களிமண் இந்தத் தொழிலுக்குக் கைகொடுக்கிறது.

மண்ணைக் கரைத்து, சலித்து, அச்சில் வார்த்து, உலர்த்தி, சூளையில் ஏற்ற வேண்டும். சூடு 573 டிகிரி செல்சியஸைத் தொடும்போது உள்ளிருக்கும் குவார்ட்ஸ் படிகம் சட்டென்று உருமாறும். அந்தக் கட்டத்தில் சூட்டை வேகமாக ஏற்றினாலும் இறக்கினாலும் பொருள் விரிசல் விடும். சூளையை அவசரப்படுத்த முடியாது. கார்த்திகைக்கு முந்தின வாரம் கடைக்காரர் கேட்டால் புதிதாகச் செய்து கொடுக்க வழியில்லை. விற்பனையை முன்கூட்டியே ஊகித்தாக வேண்டும்.

ஊகத்தில்தான் அடி விழுகிறது. தெருக்கடையில் 100 அகல் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தட்டுப்பாடு வருமோ என்ற பயத்தில் கடைக்காரர் 120 கேட்பார். மொத்த வியாபாரி 150 கேட்பார். சூளைக்காரர் 200க்கு மண் வாங்குவார். அடுத்த ஆண்டு, தேங்கிய சரக்கு தீரும்வரை யாரும் கேட்க மாட்டார்கள். சூளை குளிர்ந்து கிடக்கும். பிடியைக் கொஞ்சம் அசைத்தாலே சாட்டையின் நுனி எட்டி வீசும் அல்லவா? அதனால் இதைச் ‘சாட்டை விளைவு’ என்கிறார்கள். அமெரிக்கப் பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1961இல் வெளியிட்ட நூலில் இந்த ஏற்ற இறக்கத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

ஊகிக்காமல் எண்ணிப் பார்க்கும் வழியும் பிறகு வந்தது. இன்று கடைப் பொருள்களில் நாம் காணும் வகைப் பார்கோடு 1974இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலக் கடையொன்றில் முதன்முறையாக வருடப்பட்டது. விற்ற பொருளை அந்த நொடியே எண்ணும் வசதி அதிலிருந்து வளர்ந்தது. இன்று லாரி எங்கே போகிறது என்பதை ஜிபிஎஸ் காட்டுகிறது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் தாண்ட 2018 ஏப்ரல் 1 முதல் மின்வழி ரசீது (இ-வே பில்) வேண்டும். எல்லாம் நல்லதே. ஆனால் பீங்கான் தொழிலுக்கு லாரியைப் பார்ப்பதைவிடக் கடையின் கல்லாவைப் பார்ப்பதே பெரிய உதவி என்பேன். உண்மையில் விற்ற 100 என்ற எண் நேராகச் சூளைக்கு வந்துவிட்டால் 200 அகலுக்கு மண் கரைக்க வேண்டியதில்லை.

அந்த எண் பல கடைகளின் பில் போடும் கணினியிலேயே கிடக்கிறது. கடைக்காரர்களே, மொத்த வியாபாரிகளே, வாரம் ஒருமுறை அதைச் சூளைக்காரருக்கு அனுப்புங்கள். ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும்.