சதுப்பு நிலத்துக்கு ஏன் அடியில்லாத தொட்டி?

சதுப்பில் நட்ட தக்காளி, தண்ணீரிலேயே நின்றாலும் துவண்டுபோகும். தாகம் காரணமல்ல, மூச்சுத்திணறல். மண்துகள்களுக்கு இடையிலுள்ள காற்றை நீர் வெளியேற்றிவிடுகிறது. ஆக்ஸிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். எஞ்சியதையும் நுண்ணுயிர்கள் விரைவில் தீர்த்துவிடும். ஆக்ஸிஜன் கிடைக்காத வேர் நீரைச் சரிவர உறிஞ்சாது. நெல் தப்பிப்பதற்குக் காரணம், இலையிலிருந்து வேர்வரை காற்றைக் கடத்தும் திசு. தக்காளிக்கு அந்த வசதி போதாது.

ஆகவே வேரை உயர்த்த வேண்டும். அடிப்பாகத்தை வெட்டிய வாளியைச் சதுப்பின்மேல் வைத்து மண் நிரப்பினால் போதும். துளையிட்ட சாதாரணத் தொட்டி ஆகாதா? ஆகும், ஆனால் அதன் அடிமண்ணில் எப்போதும் ஒரு நீரடுக்கு வடியாமல் தங்கும். நுண்துளைகள் அதை விடாமல் பிடித்துக்கொள்ளும். அடியை எடுத்துவிட்டால் வாளி மண் கீழ்நிலத்தோடு ஒன்றாகிறது. சதுப்பின் நீர்மட்டம் தாழும்போது அந்த நீர் கீழே இறங்கும், வறண்ட நாளில் கீழிருந்து ஈரம் மேலேறும்.

இங்கே மண்ணின் தன்மைதான் முக்கியம். களிமண்ணில் நீர் ஒரு மீட்டருக்கு மேலும் ஏறக்கூடும், பருமணலில் சில சென்டிமீட்டர்தான். களிமண்ணை மட்டும் நிரப்பினால் வாளி முழுதும் சதுப்பாகிவிடும். மணலும் மக்கிய உரமும் கலந்தால் மேற்பகுதியில் காற்று நிற்கும்.

மெக்சிகோவின் சோச்சிமில்கோவில் ஏரிச்சேற்றையும் தாவரங்களையும் அடுக்கி எழுப்பிய ‘சினாம்பா’ பாத்திகளும் இதே முறைதான். மிதக்கும் தோட்டம் என்பார்கள். அவை மிதப்பதில்லை, ஏரித்தரையில் ஊன்றி நிற்பவை.  சுற்றியுள்ள கால்வாய்களின் நீர் பக்கவாட்டில் கசிந்து அங்கே வேருக்கு ஈரம் தருகிறது.