எங்கள் வீட்டு வாசலில் ஒரு லண்டன்!

தமிழ் சினிமாவில் ஒருவரைப் பணக்காரர் என்று காட்ட வசனமே தேவையில்லை. பச்சைப் புல்வெளி, வெள்ளைப் பிரம்பு நாற்காலி, கையில் இங்கிலீஷ் பேப்பர், பக்கத்தில் டீ கோப்பை... தீர்ந்தது விஷயம். வில்லனாக இருந்தால் கூடவே ஒரு அல்சேஷன்.

அந்தப் புல்வெளி சின்ன வயசிலேயே என் மண்டைக்குள் புகுந்துவிட்டது. கிழக்குத் தாம்பரம் தாண்டி, சேலையூரில் அரை கிரவுண்டில் வீடு கட்டி, பாங்க்குக்குத் தவணை கட்ட ஆரம்பித்ததும் நான் செய்த முதல் காரியம், வாசலில் மிச்சமிருந்த இருபதுக்குப் பத்தடி இடத்தை ‘லான்’ என்று அறிவித்ததுதான். பிரம்பு நாற்காலிக்குப் பட்ஜெட் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலி.

“அங்க ஒரு முருங்கை வெக்கலாமேடா” என்றார் அப்பா. முருங்கைக்கு அடியில் உட்கார்ந்து பேப்பர் படித்த ஒரு பணக்காரரையாவது காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம்!

2018 டிசம்பர். ரோட்டோர நர்சரி ஒன்றில் புல்லைத் துண்டு துண்டாக வெட்டி, பாய் மாதிரி அடுக்கியிருந்தார்கள். “கொரியன் கிராஸ் சார். விரிச்சு விட்டாப் போதும். வெட்டவே வேணாம். தண்ணி மட்டும் காட்டுங்க” என்றார் கடைக்காரர். அந்த ‘மட்டும்’ என் காதில் சரியாக விழவில்லை.

விரிப்பதற்கு முன் மண்ணைக் கொத்த வேண்டுமாம். கொத்தினோம். செங்கல் துண்டு, டைல்ஸ் சில்லு, இறுகிப்போன சிமெண்ட் மூட்டை, கட்டுக்கம்பி, ஒற்றைச் செருப்பு... எங்கள் மேஸ்திரி எதையும் வெளியே கொட்டி ஊரை அசிங்கப்படுத்தாத உத்தமர். எல்லாவற்றையும் வாசலிலேயே புதைத்திருந்தார். அள்ளிப் போட்டுவிட்டு ஒரு டிராக்டர் செம்மண், சாணி எரு, புல் எல்லாம் வாங்கியதில் அந்த மாத போனஸ் காலி.

சும்மா சொல்லக்கூடாது, இரண்டு மாதம் ஜோராக இருந்தது. சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் நாற்காலியைப் போட்டு உட்காருவேன். பக்கத்து வீட்டு ரிட்டையர்டு ரயில்வேக்காரர் மதில் மேலாக எட்டிப் பார்த்து, “என்ன சார், லண்டன் மாதிரி இருக்கு!” என்பார். எறும்பு லுங்கிக்குள் ஏறும். லண்டனில் லுங்கி கட்ட மாட்டார்கள் போல.

பிப்ரவரியில் வந்தது கோரை. கொரியனுக்கு நடுவே ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. பிடுங்கினேன். நாலாம் நாள் அதே இடத்தில் இரண்டு. உலகத்திலேயே மோசமான களை என்று விஞ்ஞானிகள் முதலிடம் கொடுத்த ஆசாமி இது. மண்ணுக்குள் கிழங்குகள் சங்கிலி மாதிரி கோத்துக்கொண்டு கிடக்கும். மேலே இலையைப் பறித்தால் கீழே அடுத்த கிழங்கு முளைக்கும். ஞாயிற்றுக்கிழமை பூரா குத்துக்காலிட்டுத் தோண்டி ஒரு கிண்ணம் நிறையக் கிழங்கு எடுத்தேன். என் மனைவி மோந்து பார்த்துவிட்டு, “ஏங்க, இது நாட்டு மருந்துக் கடையில குளியல் பொடிக்குக் காசு குடுத்து வாங்கறதாச்சே!” என்றாள். புல்லில் நஷ்டம், களையில் லாபம். பி.காம். படித்தவனுக்கு இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை.

சித்திரை பிறந்ததும்தான் நிஜக் கணக்கு ஆரம்பித்தது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். கோடையில் புல்வெளி தினமும் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் குடிக்கும். என்னுடைய இருநூறு சதுர அடி, மீட்டர் கணக்கில் சுமார் 18.5. ஆக, தினமும் 90 லிட்டருக்கு மேல். நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பதுதான் சர்க்கார் திட்டமிடும் அளவு. அதாவது வாசலில் ஒரு விருந்தாளி வந்து படுத்திருக்கிறார். முக்கால் ஆள் தண்ணீரைக் குடிக்கிறார். எழுந்து போகும் உத்தேசமே இல்லை!

தாம்பரம், பல்லாவரம் பக்கமெல்லாம் அடியில் பாறை. சார்னோகைட் என்று புவியியல் புத்தகங்களில் பேர் வாங்கிய கெட்டிப் பாறை. பெசன்ட் நகர் மணலில் மாதிரி இங்கே தண்ணீர் ஊறி நிற்காது. மேலே உளுத்துப்போன பாறையிலும் கீழே விரிசல்களிலும் இருப்பதுதான் கையிருப்பு. என் போரும் எதிர் வீட்டுப் போரும் ஒரே விரிசலில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிற சங்கதி.

2019 ஜூன் ஞாபகம் இருக்கிறதா? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, அடுத்த மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருஷம். ஒரு நாள் காலை ஆறு மணிக்கு ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு புல்லுக்கு நீர் விட்டுக் கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே எதிர் வீட்டு அக்கா. இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். எத்தனை நேரமாக நின்றாரோ.

“எங்க போர் நின்னு போச்சு தம்பி. புல்லுக்கு ஊத்தி மிச்சமிருந்தா ரெண்டு குடம் குடுங்க.”

குத்தலே இல்லை அந்தக் குரலில். நிஜமாகவே, மிச்சமிருந்தால் என்றுதான் கேட்டார். ஹோஸை அப்படியே குடத்தில் வைத்தேன். நிரம்புகிற வரை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு ஆபீஸில் லெட்ஜரில் ஒரு கூட்டல் கூட உருப்படியாக வரவில்லை. மறுநாளிலிருந்து புல்லுக்குத் தண்ணீர் கட்.

ஒன்று சொல்ல வேண்டும். லண்டனை விட மெட்ராஸில்தான் மழை அதிகம்! அங்கே வருஷத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர். இங்கே 1,400க்குக் கிட்டத்தட்ட. ஆனால் அங்கே பன்னிரண்டு மாதமும் துளித்துளியாகச் சம்பளம் மாதிரி வரும். நமக்குப் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் தீபாவளி போனஸ் மாதிரி மொத்தமாக வந்து, மொத்தமாகக் கரைந்துவிடும். அதோடு புல்வெளி என்பதே பிரபுக்கள் சமாசாரம். மாடு மேயாமல், பயிர் விளையாமல், இத்தனை இடத்தைச் சும்மா போட்டுவைத்து, அரிவாளோடு ஆள் நிறுத்திச் சீவ எனக்கு வசதி உண்டு என்று காட்டுகிற ஏற்பாடு. 1830ல் எட்வின் பட்டிங் என்ற இங்கிலீஷ்காரர், கம்பளித் துணியின் பிசிறைச் சீவும் மெஷினைப் பார்த்துப் புல் வெட்டும் மெஷின் கண்டுபிடித்த பிறகுதான் சாமானியர்களுக்கும் அந்த ஆசை தொற்றியது. வந்து வந்து, சேலையூர் வரை வந்துவிட்டது.

இத்தனைக்கும் சேலையூரின் சொந்த முகம் எங்கள் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 1937ல் பாரிமுனைப் பக்கமிருந்து தாம்பரத்துக்கு வந்த கிறிஸ்தவக் கல்லூரியின் வளாகத்தைப் பாருங்கள். முந்நூறு ஏக்கருக்கு மேல் புதர்க்காடு, மான்கள் உள்பட. அங்கே மரம் வளர்த்துப் பேர் வாங்கிய எட்வர்ட் பார்ன்ஸ், கெமிஸ்ட்ரி புரொபசர்!

ஜூலையில் என் கொரியன் தேங்காய் நார் நிறத்துக்கு வந்து சேர்ந்தது. பேசாமல் பேவர் பிளாக் போட்டுவிடலாம் என்று கொட்டேஷன் வாங்கினேன். தெருவில் ஏழு வீட்டில் அப்படித்தான். அப்பா ஒரே வார்த்தை கேட்டார்: “2015 மறந்து போச்சா?”

அந்த டிசம்பர் முதல் தேதி, ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. என் வாசலில் மட்டும் 9,000 லிட்டர் விழுந்திருக்கும். வருஷ மழைக்குப் போட்டுப் பார்த்தால் 26,000 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி இரண்டுக்கு மேல். இதை சிமெண்ட் போட்டுத் தெருவுக்கு விரட்டிவிட்டு மே மாதம் லாரிக்காரருக்கு போன் போடுவதா? கொட்டேஷன் மூலையில் போயிற்று. ஸ்கூட்டர் ஏற்ற மட்டும் இடைவெளி விட்டு நாலு கருங்கல். மதிலோரம் நந்தியாவட்டை, செம்பருத்தி, அப்பாவின் முருங்கை. மீதி வெறும் மண்.

மண் சும்மா இருக்கவில்லை. செப்டம்பர் மழைக்குப் பிறகு செத்துப்போன கொரியனுக்கு நடுவிலிருந்து ஒன்று பச்சையாக ஊர்ந்து வந்தது. அருகம்புல். வாக்கிங் போகிறவர்கள் காலையில் ஜூஸாகக் குடிக்கிறார்களே, அதே அருகு. இதைத்தான் அமெரிக்காக்காரன் பெர்முடா கிராஸ் என்று கோல்ஃப் மைதானத்தில் வளர்க்கிறான்! வேர் ஆழமாகப் போகும். வெயிலில் காய்ந்து செத்த மாதிரி கிடக்கும், ஒரு மழைக்கு எழுந்து உட்காரும். வேண்டுமென்கிறவர்கள் இரண்டு கணு உள்ள தண்டாக நறுக்கி, ஐப்பசி மழைக்கு முன் ஒரு சாண் இடைவெளியில் ஊன்றினால் போதும். நல்ல வெயில் படும் இடமாக இருக்க வேண்டும். மர நிழலில் நோஞ்சானாகிவிடும். கோடையில் ஒட்ட வெட்டக் கூடாது. உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் கை வைக்க வேண்டாம். வேனிலில் பழுப்பாகத்தான் இருக்கும். லண்டன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

2020 ஆகஸ்ட். கொரோனா வருஷம். கோயம்பேடு மார்க்கெட்டே மூடிக் கிடந்தது. விநாயகர் சதுர்த்தியன்று காலை கேட்டில் தட்டும் சத்தம். எதிர் வீட்டு அக்கா, முகத்தில் மாஸ்க், கையில் சின்னப் பித்தளைத் தட்டு.

“தம்பி, புள்ளையாருக்குக் கொஞ்சம் அருகம்புல் கிள்ளிக்கட்டுமா?”

“எவ்வளவு வேணுமோ எடுத்துக்குங்கக்கா.”

உள்ளே வந்து குனிந்தவர், கிள்ளுவதற்கு முன் நிமிர்ந்து பார்த்தார்.

“இதுக்குத் தண்ணி விடறீங்களா?”

“இல்லக்கா. மழைதான்.”

“ம்” என்றார். தட்டு நிறையக் கிள்ளிக்கொண்டு போனார். அன்று மத்தியானம் ஒரு தூக்கில் கொழுக்கட்டை வந்தது. பிளாஸ்டிக் நாற்காலியை வாசலில் போட்டு, நானும் அப்பாவும் அங்கேயே உட்கார்ந்து காலி செய்தோம்.