பாலைநிலத் துறவும் காவிரிக்கரை மௌனமும்

நாமக்கல் சமவெளியைத் தொட்டுக் கிழக்கே பாயும் காவிரியின் தென்கரையில், குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், 1950ஆம் ஆண்டு ஜூல்ஸ் மோன்ஷானினும் ஹென்றி லெ சோவும் சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினர். சாந்திவனம் எனப்படும் இதன் காவியுடையும் மௌனமும் இந்தியத் துறவு மரபிலிருந்து பெற்ற இரவல் எனக் கருதுவோர் உளர். காவிக்கு இது பொருந்தும். மௌனத்திற்கோ வேறொரு வேரும் உண்டு. 4ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைநிலத் துறவியர் உள்ளத்தமைதியை ‘ஹெசிக்கியா’ என்றனர். சிறு மன்றாட்டொன்றை இடைவிடாது சொல்லி, எழும் எண்ணங்களைப் பின்தொடராது விடுவது அவர்தம் வழி. காசியன் அதனை மேற்கிற்குக் கொண்டு சென்றார். அவர் நூலை வாசிக்குமாறு பெனடிக்ட் தம் துறவற ஒழுங்கில் பணித்தார். லெ சோ பெனடிக்ட் சபைத் துறவி. 1968இல் ஆசிரமப் பொறுப்பேற்ற பீட் கிரிஃபித்சும் அச்சபையினரே. அவர் இயேசு செபத்தை நெடுங்காலம் பயின்றவர். எனவே, சாந்திவன மௌனம் இரவலன்று. இரு மரபுகளின் சந்திப்பு.