பக்கத்து நிறம் செய்யும் வேலை

பாரிஸில் கோபெலின் என்ற அரசு நெசவுக்கூடம், சுவரில் தொங்கவிடும் சித்திரத் திரைகளுக்குப் பேர்போனது. 1824இல் அதன் சாயப் பிரிவுக்குத் தலைவராக வந்தவர் மிஷேல் யூஜேன் ஷெவ்ரல், கொழுப்பையும் சோப்பையும் ஆராய்ந்து பெயர் வாங்கிய வேதியியலர். அங்கே அவரிடம் வந்த புகார்களில் ஒன்று கறுப்பு நூலைப் பற்றியது. நீலம், ஊதா நூல்களோடு சேர்த்து நெய்தால் கறுப்பு எடுப்பாக இல்லை, வெளிறித் தெரிகிறது என்றார்கள்.

வேதியியலர் அல்லவா, முதலில் சாயத்தைத்தான் சோதித்தார். வேறு பட்டறைகளின் கறுப்பு நூலை வரவழைத்து ஒப்பிட்டார். தங்கள் நூல் எந்த விதத்திலும் மட்டமில்லை. தனியாக வைத்தால் நல்ல கறுப்பு. நீலத்தின் பக்கத்தில் வைத்ததும் மங்கிவிடுகிறது. சாயத் தொட்டியை விட்டுவிட்டு, பார்க்கிறவர் கண்ணை ஆராயத் தொடங்கினார். அதன் விளைவு 1839இல் பெரிய நூலாக வந்தது.

அவர் கண்ட விதி இதுதான்: இரண்டு நிறங்கள் அடுத்தடுத்து இருந்தால், ஒவ்வொன்றும் தன் எதிர்நிறத்தின் சாயலை மற்றதன்மீது ஏற்றிவிடும். ஓவியர்களின் நிற வட்டத்தில் நீலத்துக்கு எதிரே ஆரஞ்சு, சிவப்புக்கு எதிரே பச்சை, ஊதாவுக்கு எதிரே மஞ்சள். ஆகவே நீலத்தை ஒட்டிய கறுப்பில் ஆரஞ்சு சாயல் ஏறிப் பழுப்படித்தது. வெளிச்சத்திலும் இதே கதை. கறுப்பின் நடுவே வெளிறித் தெரியும் சாம்பல், வெள்ளையின் நடுவே கருத்துத் தெரியும். விழித்திரையில் அதிக ஒளி பட்ட இடம் பக்கத்து இடத்தின் சமிக்ஞையைக் கொஞ்சம் அடக்குகிறது. அதனால் வித்தியாசங்கள் மிகைப்பட்டுத் தெரிகின்றன.

ஒரே சாம்பல் தாளில் இரண்டு சிறு துண்டுகள் வெட்டி, ஒன்றைச் சிவப்பு அட்டைமீதும் மற்றதைப் பச்சை அட்டைமீதும் வையுங்கள். முதலாவதில் லேசாகப் பச்சையும் இரண்டாவதில் லேசாகச் சிவப்பும் தட்டும். மேலே மெல்லிய டிஷ்யூ தாளைப் போர்த்தினால் மாயம் குறையும் என்றுதானே நினைப்போம்? கூடுகிறது. பட்டுப் புடவைக்கு மேட்சிங் ரவிக்கைத் துணி எடுக்கும்போதும் இதைப் பார்க்கலாம். பச்சை பார்டரை ஒட்டி வைத்தால் சிவப்புத் துணி இன்னும் சிவப்பாகத் தெரியும், மெரூன் உடல்மீது வைத்தால் சோபை இழக்கும்.

டிசைன் பாடங்கள் பல, சிவப்பு என்றால் கோபம், நீலம் என்றால் அமைதி என்று ஆரம்பிக்கின்றன. என்னைக் கேட்டால் அதைக் கடைசியில் படித்துக்கொள்ளலாம். அந்த அர்த்தமெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். முதலில் பழக வேண்டியது வெளிச்ச வித்தியாசம். நம் ரயில் நிலையங்களில் ஊர்ப் பெயரை மஞ்சள் பலகையில் கறுப்பில் எழுதியிருப்பதால் ஓடும் வண்டியிலிருந்தும் படிக்க முடிகிறது. அதே மஞ்சளை வெள்ளைத் தாளில் எழுத்தாக்கினால் கண்ணைச் சுருக்க வேண்டும். ஃபிளெக்ஸ் பேனர்களில் பளீர்ப் பச்சைமேல் பளீர்ச் சிவப்பில் பெயர் போடுகிறார்களே, அங்கே நிறம் எதிரெதிர்தான். ஆனால் வெளிச்சம் கிட்டத்தட்ட ஒன்று. எழுத்தின் ஓரங்கள் அதிர்வதுபோலக் கூசும். செல்போனில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். எழுத்து பின்னணியோடு கரைந்துபோனால் டிசைன் தேறவில்லை. இணையப் பக்கங்களுக்கு இதற்கொரு கணக்கே உண்டு: சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற வெளிச்ச விகிதம்.

இன்னொரு சிக்கல், திரையில் பிடித்துப்போன நிறம் தாளில் வராதது. திரை சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கலக்கிறது. அச்சகத்தில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகள்தான். வண்ணக் காலண்டரை லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஆரஞ்சு இருக்காது. மெஜந்தா, மஞ்சள் புள்ளிகள்தான் நெருக்கமாக இருக்கும், கலப்பது நம் கண். திரையின் மின்னும் பச்சை இந்த நான்கு மைகளுக்கு எட்டாது. அதனால்தான் மொத்தமாக அடிக்கும் முன் புரூஃப் எடுக்கிறார்கள். விஷயம் தெரிந்தவர்கள் அதையும் டியூப்லைட் அடியில் பார்த்து ஓகே சொல்ல மாட்டார்கள், வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பார்கள்.